எங்கள் வீட்டுக் கதவின் பச்சை

எங்கள் அடுக்குமாடிக்குப் புதுசாகக் குடிவருகிறவர்கள் எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "நுழையிற இடத்துல சுவர்ல ஒரு படம் இருக்கே, ரொம்ப நல்லா இருக்கு. ஆனா ஏன் எல்லாமே நீலமா இருக்கு?" என் தையல் கடை அந்தச் சுவருக்கு நேர் எதிரே. அதனால் பதில் சொல்கிற வேலை என் தலையில். அதுவும் கையில் கத்தரியும் வாயில் குண்டூசியுமாக நான் நிற்கிற நேரம் பார்த்துத்தான் கேட்பார்கள். வரைந்த மகராசியோ கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "போய் அவளையே கேளுங்க" என்றால் ஒருத்தரும் போக மாட்டார்கள். அவள் வாய்க்கு அவ்வளவு பயம்.

வரைந்தது என் அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள். சின்ன வயதில் என் சட்டையில் மையால் பூனை வரைந்துவிட்டு, "சட்டை வெறுமையா இருந்துச்சு, அதான்" என்று சொன்னவள். இன்றைக்கும் அதே புத்திதான், இடம்தான் பெரிசாகிவிட்டது. கல்யாணம் ஏன் பண்ணிக்கவில்லை என்று யாராவது கேட்டால், "அடிச்ச பெயிண்ட் இன்னும் காயலை" என்பாள்.

நீலக் கதையைச் சொல்ல வேண்டுமானால் பச்சையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இந்த அடுக்குமாடி நிற்கிற இடத்தில் அந்தக் காலத்தில் ஒரு கண்ணாடி ஆலை இருந்தது. ஆலைக்குப் பக்கத்தில் வேலைக்காரர்களுக்கு என்று ஒட்டிக் கட்டிய வீடுகள். நாங்கள் அதை 'வரிசை' என்றுதான் சொல்வோம். ஒரே அளவு வீடு, ஒரே அளவு ஜன்னல், ஒருத்தர் வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் "யாருக்குச் சளி?" என்று குரல் வரும். கதவுகள்கூட ஒரே நிறம். ஆலையில் மெஷினுக்கு அடித்த கரும்பச்சை பெயிண்டில் மிச்சம் மீதியை வருஷா வருஷம் வரிசைக்குக் கொடுத்துவிடுவார்கள். ஓசியில் வந்ததை யார் விடுவார்கள்? எல்லாரும் அதையே அடித்தார்கள்.

அப்பாவுக்கு உலைக்குப் பக்கத்தில் ராத்திரி வேலை. விடிந்து வரும்போது பாதித் தூக்கத்தில் வருவார். ஒரு நாள் காலையில் அப்படியே பக்கத்து வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்துவிட்டு, அங்கே இருந்த கட்டிலில் படுத்துவிட்டார். அந்த வீட்டு அத்தை துடைப்பத்தோடு வந்து எழுப்பியபோது, "சத்தம் போடாதம்மா, குழந்தைங்க முழிச்சிக்கும்" என்றாராம். வரிசை முழுக்க ஒரு மாதம் இதைச் சொல்லிச் சிரித்தது. அம்மாவுக்குத்தான் மானம் போய்விட்டது.

அன்றைக்கே அம்மா கடைக்குப் போய் ஒரு சின்ன டப்பா மஞ்சள் பெயிண்ட் வாங்கி வந்தாள். வாசலில் உட்கார்ந்தோம். ஆலைப் பச்சை டப்பாவை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, அக்கா ஒரு குச்சியை விட்டுக் கலக்க, அம்மா மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். "இன்னும் ஒரு சொட்டு. இரு இரு. இன்னும் ஒரு சொட்டு." கரும்பச்சை எங்கள் கண் முன்னாலேயே விடிந்தது. அப்போதுதான் விட்ட இலை எப்படி இருக்கும், அந்தப் பச்சை. அம்மா குச்சியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "போதும். இனிமே உங்கப்பா தூங்கிக்கிட்டே வந்தாலும் வீடு தெரியும்" என்றாள். அதற்குப் பிறகு வருஷா வருஷம் எங்கள் கதவுக்கு மட்டும் அந்த நிறம்தான். டப்பா பிடிப்பது நான், கலக்குவது அக்கா, போதும் என்று சொல்வது அம்மா. அப்பா ஒருதடவைகூட வீடு மாறிப் போகவில்லை.

அக்கா பெயிண்டர் ஆனதற்கு அந்த டப்பாதான் காரணம் என்று நான் சொல்வேன். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். அவளுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூணே கால்.

முதலில் அவளுக்குக் கிடைத்தது ஓவியமே இல்லை. ஆஸ்பத்திரிக்கு 'அமைதி காக்கவும்', பஸ் நிலையத்துக்கு 'இங்கே குப்பை போடாதீர்', வீட்டு எண்கள், கடைப் பலகைகள். பிறகு ஆட்கள் பழைய போட்டோவை எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். செத்துப்போன அம்மா, காணாமல் போன தம்பி, கல்யாணத்து அன்றைக்கு எடுத்த தாத்தா பாட்டி. எல்லாம் கறுப்பு வெள்ளை. "கலர்ல பெரிசா வரைஞ்சு குடுங்க" என்பார்கள். சொல்வதோடு நிற்பார்களா? "அம்மாவைக் கொஞ்சம் சிரிக்க வையுங்க", "மாமியார் மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்குங்க, நான்தானே தினம் பார்க்கணும்". ஒரு ரொட்டிக் கடைக்காரர் தன்னையே வரையச் சொல்லி வந்து, தொப்பையை மட்டும் விட்டுவிடச் சொன்னார். "அப்புறம் உங்களை யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று அக்கா கேட்டுவிட்டாள். இன்னொரு பெண், புருஷனும் தானுமாக வரையக் கொடுத்துவிட்டு, பாதி வேலை முடிந்த நேரத்தில் தனியாக வந்தாள். "அவர் நிக்கிற இடத்துல ஒரு பூந்தொட்டி வச்சிடுங்க" என்றாள். அக்காவும் நல்ல பெரிய பூந்தொட்டியாக வைத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் இன்றைக்கும் என்னிடம்தான் துணி தைக்கிறாள்.

அப்புறம்தான் சுவர்கள் வந்தன. ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்குப் பலகை எழுதப் போனவள், ஊசி போடுகிற அறைக்கு வெளியே குழந்தைகள் வரிசையில் நின்று அழுவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே அந்தச் சுவரில் ஒரு யானையை வரைந்துவிட்டாள். யானைக்கும் ஊசி போடுகிறார்கள், யானையும் அழுகிறது. குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டு யானையைக் கேலி செய்ய ஆரம்பித்தன. பெரிய டாக்டர் திட்டப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் அடுத்த சுவரையும் வரையச் சொன்னார். அதோடு பள்ளிக்கூடம், நூலகம், நீச்சல் குளம் என்று ஊரில் வெறும் சுவரே இல்லை என்கிற அளவுக்குப் போய்விட்டது.

இதற்கு நடுவில் ஆலை மூடிவிட்டது. அப்பா அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், நல்ல வேளை. வரிசையை இடித்தார்கள். எல்லாருக்கும் இந்த அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். அம்மா மட்டும் இடிக்கிறதைப் பார்க்க மாட்டேன் என்று அதற்கு முந்தின வாரமே, வெளியூரில் வேலையில் இருந்த எங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ரயிலில் ஒரு பகல் தூரம். அங்கேயே இருந்துவிட்டாள். நான் என் வீட்டுக்காரர் காலத்துக்குப் பிறகு அக்காவோடு வந்து சேர்ந்தேன். கீழே கடை, கடைக்குப் பின்னால் அவள் அறை, இரண்டாவது மாடியில் வீடு.

அம்மா போனில் பேசும்போதெல்லாம் கடைசியில் இதைத்தான் சொல்வாள்: "எல்லாத்தையும் எடுத்தீங்க. அந்தக் கதவை ஒண்ணைக் கழட்டி வச்சிருக்கக் கூடாதா?"

அண்ணனுக்கு வேலை தூரதேசத்துக்கு மாறியது. அம்மா இனி எங்களோடுதான் என்று முடிவானது. அதே சமயத்தில் அடுக்குமாடிச் சங்கத்திலிருந்து வந்து, நுழைவாசல் பெரிய சுவரில் எதையாவது வரையுங்கள் என்று அக்காவைக் கேட்டார்கள். அக்கா அன்றைக்கே அம்மாவுக்குப் போன் பண்ணினாள். "நீ வா. வரும்போது கதவு இருக்கும்" என்றாள். அம்மா என்ன சொன்னாளோ தெரியாது, அக்கா போனை வைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வரிசையைக் காட்டுகிற படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, நாங்கள் எல்லாரும் கதவுக்கு முன்னால் நிற்கிற கறுப்பு வெள்ளைப் போட்டோ. அதில் கட்டம் போட்டு, சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிய கட்டம் போட்டு, சாரத்தில் ஏறி, அந்தக் கோடை முழுக்க வரைந்தாள். ஒட்டிக் கட்டிய வீடுகள், தண்ணீர்க் குழாய், துடைப்பத்தோடு பக்கத்து வீட்டு அத்தை, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்கி வழிகிற அப்பா. நடுவில், ஆள் உயரத்துக்கு, எங்கள் கதவு. நிறம் மட்டும் எந்தப் போட்டோவிலும் இல்லை. அது அவள் தலைக்குள் இருந்து வர வேண்டும்.

வந்தது. நீலமாக வந்தது.

நான் துணிக்காரி. நூல்கண்டு வாங்கினால்கூட வெயிலில் கொண்டுபோய் வைத்து நிறம் பார்க்கிறவள். சாரத்துக்குக் கீழே நின்று, "அக்கா, கதவு நீலமா இருக்கேக்கா" என்றேன்.

"எங்க நீலம்? பச்சைடி. நீ போய்த் துணி வெட்டுற வேலையைப் பாரு."

"சுவரெல்லாம்கூட நீலமாத்தான் இருக்கு. அப்பா மூஞ்சி குளிர்ல விறைச்ச மாதிரி இருக்கு."

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். இறங்கி வந்தேன்னா தெரியும்!"

அதற்கு முன்பே ஒரு சண்டை நடந்திருந்தது. நான் வாங்கி வந்த வெள்ளைத் துணியைப் பார்த்து, "ஏண்டி மஞ்சள் பூத்துப்போன துணியை வாங்கிட்டு வந்திருக்க?" என்றாள். பால் மாதிரி வெள்ளைத் துணி! பெயிண்ட் கடைக்காரர்கூட ஒரு நாள் என்னிடம் கேட்டார். "உங்கக்கா நீலத்தைக் குடிக்கிறாங்களா? எத்தனை டப்பா வாங்கிட்டுப் போறாங்க! மஞ்சள் பக்கம் திரும்பியே பார்க்கிறதில்லை." ஏதோ புதுப் பாணி போலிருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அந்த இரண்டு மூன்று வருஷத்தில் அவள் வரைந்து கொடுத்த ஆட்கள் எல்லாருமே கொஞ்சம் நீலமாகத்தான் இருந்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. "பார்த்தாலே மனசுக்குள்ள ஒரு அமைதி வருது" என்றுகூடச் சொன்னார்கள்.

சுவர் முடிந்ததும் அடுக்குமாடியே வந்து கை தட்டியது. சின்னக் குழந்தைகள் கதவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. வரிசையில் வாழ்ந்தவர்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முதல் வீட்டில் இருந்த மெக்கானிக் அண்ணன், "நம்ம வரிசை அப்படியே இருக்கு. எல்லாம் நீலமாத்தானே இருந்துச்சு" என்றார். நான் அவரை முறைத்துப் பார்த்தேன். ஆனால் அன்றைக்கு மாலை உட்கார்ந்து யோசித்தால், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே அந்தப் பச்சை சரியாக ஞாபகம் வரவில்லை.

சாரத்தைப் பிரிக்கிற அன்றைக்கு, ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கும்போது கடைசிப் படி தெரியாமல் அக்கா கால் வைத்துக் கீழே விழுந்தாள். அடி பெரிசில்லை. ஆனால் படி ஏன் தெரியவில்லை என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். கண் டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை, நல்லா முற்றிவிட்டது என்றார். "நல்லாத்தானே தெரியுது" என்று அக்கா அவரோடு சண்டை போட்டாள். முதலில் இடது கண், ஒரு மாதம் கழித்து வலது கண் என்று நாள் குறித்தார்கள்.

இடது கண் கட்டுப் பிரித்த அன்றைக்கு ஆட்டோவில் வரும்போது அக்கா ஒரே குதூகலம். "அடேயப்பா, வானம் என்னடி இப்படி இருக்கு! உன் தலை இவ்வளவு நரைச்சிருக்கா?" என்று என்னைச் சீண்டிக்கொண்டே வந்தாள். நான்கூட, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாங்க, உனக்குக் கண்ணு வந்த பிறகு" என்று சிரித்தேன். வந்ததும் நேராகத் தன் அறைக்குள் போனாள். நான் கடையைத் திறந்து மெஷின் உறையை எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், முடித்து வைத்திருந்த படங்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறாள்.

"இதெல்லாம் யாருடி வரைஞ்சா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் எழுந்து விறுவிறுவென்று வெளியே போனாள். சுவருக்கு முன்னால் நின்றாள். இடது கண்ணைக் கையால் மூடினாள். வலதை மூடினாள். மறுபடி இடது, மறுபடி வலது. நான் பக்கத்தில் போய்த் தோளைப் பிடித்தேன்.

"இந்தக் கண்ணுல பச்சைடி," என்று ஆபரேஷன் ஆகாத வலது கண்ணைத் தொட்டுக் காட்டினாள். "இந்தக் கண்ணுல நீலம். இத்தனை வருஷமா மஞ்சள் கண்ணாடி போட்டுக்கிட்டு வரைஞ்சிருக்கேன். எதுல பார்த்தாலும் மஞ்சள் தூக்கலா தெரிஞ்சிருக்கு, நான் பாட்டுக்கு நீலத்தைக் கொட்டியிருக்கேன். எதிர்ல ஆளை உட்கார வச்சு வரைஞ்சிருந்தா தப்பியிருப்பேன், ஆளும் படமும் ஒரே மாதிரி தெரிஞ்சிருக்கும். நான் எல்லாத்தையும் மனசுல இருந்துல்ல எடுத்தேன்!"

பெரிசாக அழுதாள். அப்பா போனபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. "அம்மா அடுத்த வாரம் வர்றா. கதவு இருக்கும்னு சொல்லிட்டேன். அந்தப் பச்சையைக் கையால கலந்து ஞாபகம் வச்சிருக்கிறது நாம மூணு பேர்தான். அதையும் நான் கெடுத்துட்டேன். மெக்கானிக் அண்ணன் நீலம்னு சொல்றார், உனக்கே சந்தேகம் வந்துடுச்சு. எல்லார் ஞாபகத்து மேலயும் பெயிண்ட் அடிச்சு வச்சிட்டேன்டி."

அடுத்த நாள் விடிந்ததும் சுரண்டியும் உப்புத்தாளுமாகக் கிளம்பிவிட்டாள். தூசு படக் கூடாது, குனியக் கூடாது, ஏணியில் ஏறவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் ஏணியைத் தூக்கிப் பெயிண்ட் கடையில் ஒளித்து வைத்தேன். சுரண்டியை என் துணி மூட்டைக்குள் போட்டேன். அவள் நாற்காலியைப் போட்டு ஏறப் பார்த்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். "தள்ளுடி" என்றாள். "மாட்டேன். கண்ணு போச்சுன்னா எந்தக் கதவை வரைவ?" என்றேன். எங்கள் சத்தம் கேட்டு இரண்டாவது மாடி வரைக்கும் ஜன்னல் திறந்தது. யாராவது இளவட்டத்தைக் கூப்பிட்டுக் கதவுக்கு மட்டும் பச்சை அடித்துவிடலாம் என்று சங்கத்துச் செயலாளர் சமாதானம் சொல்ல வந்தார். "எந்தப் பச்சை?" என்று அக்கா கேட்ட கேள்வியில் மனிதர் வந்த வழியே போய்விட்டார்.

கடைசியில் ஒரு ஏற்பாடு. அம்மா வருகிற நாளில் என் கடைத் துணியைத் தைத்துச் சுவர் முழுக்கத் திரை போட்டுவிடுவது. இன்னும் காயவில்லை என்று சொல்லிவிடுவது. டாக்டர் சரி என்றதும் அக்கா கதவைச் சரி பண்ணுவது. அதற்குப் பிறகு அம்மாவுக்குக் காட்டுவது.

அண்ணன் அம்மாவைக் கைத்தாங்கலாகக் காரிலிருந்து இறக்கினான். இத்தனை வருஷத்தில் அம்மா சின்னதாகிப் போயிருந்தாள். ஆனால் வாய் அப்படியே இருந்தது. அக்கா யாரைப் போல என்று நினைக்கிறீர்கள்? கறுப்புக் கண்ணாடியோடு நின்ற அக்காவை உற்றுப் பார்த்து, "என்னடி, போலீஸ் தேடுதா?" என்றாள். அம்மாவுக்கும் கண்ணில் புரைதான். அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டான். இந்த வயசுக்கு மேல் கண்ணில் கத்தியா, பார்த்த வரைக்கும் போதும் என்று சாதித்துவிட்டாள்.

"கதவு எங்க?" என்றாள் அடுத்த கேள்வியாக.

"இன்னும் காயலைம்மா" என்றேன் நான்.

"கோடையில அடிச்சது இன்னும் காயலையா? யாருக்குக் காது குத்துற? துணியை எடு."

அக்கா திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். சின்னப் பிள்ளை உடைத்ததை மறைத்துக்கொண்டு நிற்குமே, அப்படி. "அம்மா, நான் தப்பா அடிச்சிட்டேன். நிறம் சரியா வரலை. கொஞ்ச நாள் குடு, சரி பண்ணிக் காட்டுறேன்" என்றாள்.

"தப்புன்னா தப்பைத்தான் காட்டேன். நான் பார்க்காத தப்பா?" என்று சொல்லி அம்மாவே தடியை நீட்டித் திரையை இழுத்தாள். நான் தைத்த தையல் அல்லவா, அவ்வளவு சீக்கிரம் வராது. நானே போய் அவிழ்த்துவிட்டேன்.

அம்மா சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு கிட்டே போனாள். அப்பாவைப் பார்த்து, "தூங்குமூஞ்சி" என்றாள். பக்கத்து வீட்டு அத்தையின் துடைப்பத்தைப் பார்த்துச் சிரித்தாள். கதவுக்கு வந்ததும் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள்.

"அடிப்பாவி," என்றாள். "என் பச்சைடி இது. அப்படியே இருக்கே. மஞ்சள் ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதையா தப்புன்ன?"

அண்ணன் வாயைத் திறக்கப் போனான். நான் அவன் காலை மிதித்தேன்.

அக்கா அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். புதுக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். புரை விழுந்த வலது கண்ணால், அம்மாவுக்குப் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி நின்று, கதவைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் அது பச்சையாக இருந்தது. அந்த இடத்தில் நின்ற மற்ற எல்லாருக்கும் நீலம். எனக்கு நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசமே தெரியவில்லை, கண் அவ்வளவு நிறைந்துவிட்டது.

"போதும்னு நீதானேம்மா சொல்லணும்" என்றாள் அக்கா.

"போதும்" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அம்மா இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தாள். மாலையில் என் கடை வாசலில் நாற்காலி போட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வருகிற வாடிக்கைக்காரர்களை எல்லாம் பிடித்து வைத்து அப்பா வீடு மாறிப் போன கதையைச் சொல்வாள். அவர்கள் நீலக் கதவைப் பார்ப்பார்கள், அம்மா பச்சைக் கதவைப் பற்றிப் பேசுவாள், நான் குண்டூசியைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். அக்கா வலது கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிக்கொள்ளவே இல்லை. டாக்டர் ஆள் விட்டார், நான் கத்தினேன். "அம்மா இருக்கிற வரைக்கும் இந்தக் கண்ணு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். படம் வரையும்போது வலது கண்ணை ஒரு துணியால் கட்டிக்கொள்வாள். சாயங்காலம் துணியை அவிழ்த்துவிட்டு வந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு அம்மாவோடு உட்காருவாள். தெருவில் போகிறவர்கள் யாருக்கோ கண்ணடிக்கிறாள் என்று நினைத்தார்கள்.

நீலமாக வரைந்து கொடுத்த படங்களை எல்லாம் திரும்ப வாங்கிச் சரி பண்ணித் தருகிறேன் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டாள். ஒருத்தரும் கொடுக்கவில்லை. "எங்கம்மா இப்ப எனக்கு இப்படித்தான்" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். பூந்தொட்டிக்காரி மட்டும், தொட்டியை இன்னும் கொஞ்சம் பெரிசாக்க முடியுமா என்று கேட்டாள்.

அம்மா போன பிறகு அக்கா வலது கண்ணையும் சரி பண்ணிக்கொண்டாள். சுவரைத் தொடவில்லை. சங்கத்தில் கேட்டார்கள், பெயிண்ட் கடைக்காரர் கேட்டார், நானும் கேட்டேன். "அம்மா கை வச்ச இடம்டி அது" என்பாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஊசியில் நூல் கோக்க எனக்கு இப்போதெல்லாம் மூன்று முறை ஆகிறது. போன மாதம் ஒரு கல்யாணச் சட்டைக்கு வெள்ளை என்று நினைத்து வெளிர்நீல நூலைப் போட்டுத் தைத்துவிட்டேன். அக்கா கேட்டுவிட்டுச் சிரிக்கவே இல்லை, கையைப் பிடித்து அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். புரை. எங்கள் வீட்டுச் சொத்து, எனக்கும் பங்கு வந்துவிட்டது. தையல்காரி கண்ணைத் தள்ளிப் போடலாமா? ஆனாலும் தள்ளிப் போட்டேன். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று சாக்குச் சொன்னேன். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னடி பயமா? எனக்கு ஏணியை ஒளிச்சு வச்சவளா நீ?"

"பயமெல்லாம் இல்லைக்கா," என்றேன். சொல்லவும் வெட்கமாக இருந்தது. "கொஞ்ச நாளா சாயங்காலம் கடையில இருந்து பார்க்கிறேன். கதவு லேசா பச்சையாத் தெரிய ஆரம்பிச்சிருக்கு. நம்ம பச்சை. எனக்கு மறந்தே போயிருந்துச்சுக்கா. இப்பதான் வருது. இன்னும் கொஞ்ச நாள் பார்த்துட்டுப் போறேனே."

திட்டுவாள் என்று நினைத்தேன். எழுந்து உள்ளே போனாள். பெயிண்ட் கடைக்கு ஆள் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் கையில் கரும்பச்சை ஒரு டப்பா, மஞ்சள் ஒரு டப்பா, ஒரு குச்சியோடு சுவருக்கு முன்னால் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, வேண்டாம்கா," என்று நான் ஓடினேன். "அம்மா பார்த்ததை அழிக்கப் போறியா?"

"அம்மா இந்த நீலத்தையா பார்த்தா?" என்றாள். "அம்மா பார்த்தது பச்சை. அதைத்தான் உனக்குப் போடப் போறேன். நீ போய்க் கண்ணைச் சரி பண்ணிக்கிட்டு வா. கட்டுப் பிரிச்சு வந்து நீ பார்க்கும்போது பச்சையா இருக்கணும். கதவு மட்டும்தான். அப்பா மூஞ்சி நீலமாவே இருக்கட்டும், ராத்திரி வேலை பார்த்த மனுஷன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். பச்சை டப்பாவை என் பக்கம் தள்ளினாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் ஒரு கையால் மஞ்சளை ஊற்றி, மறு கையால் கலக்கினாள். இன்னும் ஒரு சொட்டு. இரு இரு. இன்னும் ஒரு சொட்டு. எல்லாம் அவளே சொல்லிக்கொண்டாள். குச்சியைத் தூக்கிப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன்.

"ரொம்ப மஞ்சளா இருக்கேக்கா."

"உனக்கு இப்ப அப்படித்தான் தெரியும். பேசாம டப்பாவைப் பிடி."